'போல' வந்தால் உவமையா?

இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் அணிகளைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. உவமை, உருவகம், தற்குறிப்பேற்றம், பிறிது மொழிதல், உள்ளுறை என்று பெயர்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. பெயரைச் சொல்லி, அதன் இலக்கணத்தைச் சொல்லி, ஓர் எடுத்துக்காட்டையும் கரும்பலகையில் எழுதிவிட்டால் பாடம் நிறைவுற்றது என்று கருதுவோர் நம்மிற் பலர். யானும் நெடுங்காலம் அவ்வாறே கருதியிருந்தேன். அக்கருத்துப் பிழையென்று எனக்கு உணர்த்தியவள் என் பழைய மாணவி ஒருத்தி.

அவள் எங்கள் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை பயின்றவள். பின்னர்ப் பட்டணத்து இடைநிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவத்திற்கு வந்து தமிழ் இலக்கியத்தை ஒரு பாடமாக எடுத்திருந்தாள். ஒரு விடுமுறை நாளில் பயிற்சி ஏட்டோடு என்னைத் தேடி வந்தாள். மதுரை மதிற்கொடிகள் கோவலனையும் கண்ணகியையும் வரவேண்டா என்று கைகாட்டித் தடுத்ததாக இளங்கோவடிகள் பாடியிருக்கும் பகுதியைத் தந்து, இஃது என்ன அணி என்று வினவியிருந்தார்கள். அவள் உவமையணி என்று எழுதியிருந்தாள். அது பிழையென அடிக்கப்பட்டு, தற்குறிப்பேற்ற அணி என்று சிவப்பு மையில் திருத்தப்பட்டிருந்தது.

"ஐயா, 'போல' என்று வந்தால் உவமை என்று நான்காம் ஆண்டில் நீங்கள்தானே சொல்லிக் கொடுத்தீர்கள்? இங்கேயும் 'போல்' வந்திருக்கிறதே! இது மட்டும் ஏன் உவமை இல்லை?"

அவள் கேட்டது முற்றும் நியாயம். நான்தான் அவ்வாறு சொல்லிக் கொடுத்தேன். திருத்தியவர் எழுதிய விடை சரியே. ஆனால் அஃது ஏன் சரி என்பதை அவரும் எழுதவில்லை, எனக்கும் உடனே சொல்லத் தெரியவில்லை. பெயர் தெரிந்தது, காரணம் தெரியவில்லை. முப்பது ஆண்டு கற்பித்த பின்னரும் இந்நிலை என்றால், குறை மாணவரிடம் இல்லை, கற்பிக்கும் முறையில் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அன்றுமுதல் எண்ணிப் பார்த்தவற்றை ஆசிரிய அன்பர்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

'போல' என்னும் சொல்

முதலில், 'போல' என்னும் சொல் நம் அன்றாடப் பேச்சில் என்னென்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். "புலி போலப் பாய்ந்தான்" என்கிறோம். இஃது ஒப்புமை. "நேற்றுப் போல இன்றும் தாமதமாக வந்தான்" என்கிறோம். இங்கே ஒப்புமை என்பதைவிட, நடந்ததே மீண்டும் நடந்தது என்பதுதான் கருத்து. "ஒன்றும் அறியாதவன் போல நின்றான்" என்கிறோம். இஃது ஒப்புமையே அன்று, நடிப்பு. எல்லாம் அறிந்தவன் அறியாதவனாகக் காட்டிக் கொண்டான் என்பது பொருள். "மழை வரும் போலிருக்கிறது" என்கிறோம். மழைக்கும் வேறொன்றுக்கும் இங்கே என்ன ஒப்பு? ஒன்றும் இல்லை. மேகத்தைப் பார்த்துச் செய்யும் ஊகம் அது.

ஆகவே ஒரே சொல் ஒப்புமைக்கும், மறுநிகழ்வுக்கும், நடிப்புக்கும், ஊகத்திற்கும் வருகிறது. ஏழு வயதுக் குழந்தையும் இவற்றைத் தடுமாற்றமின்றிப் பேசுகிறது. அக்குழந்தை வகுப்பறைக்குள் வந்ததும் "போல வந்தால் உவமை" என்று நாம் ஒரு குறுக்கு வழியைக் காட்டுகிறோம். அது நான்காம் ஆண்டில் மதிப்பெண் தரும். ஐந்தாம் படிவத்தில் காலை வாரிவிடும். உருபு என்பது அடையாளம் மட்டுமே. உருபு மறைந்து நிற்கும் உவமையும் உண்டு என்பதற்கு நம் இலக்கணத்தார் உவமைத் தொகை என்று பெயரே வைத்திருக்கின்றனர். உருபு இல்லாத இடத்திலும் உவமை உண்டு. உருபு உள்ள இடமெல்லாம் உவமை அன்று. இவ்விரண்டையும் சேர்த்துச் சொல்லாத பாடம் அரைப் பாடமே ஆகும்.

ஒப்பு எங்கே நிற்கிறது?

அவ்வாறாயின் உவமையை எதனால் அறிவது? இரண்டு பொருள்கள் இருத்தல் வேண்டும். அவை இரண்டும் ஏதேனும் ஓரிடத்தில் பொருந்துதல் வேண்டும். அந்தப் பொருந்தும் இடமே உவமையின் உயிர். தொல்காப்பியர் அதனை வினை, பயன், மெய், உரு என நான்காகப் பகுத்தார். புலி போலப் பாய்ந்தான் என்பது வினை பற்றியது. மழை போல வழங்கினான் என்பது பயன் பற்றியது. துடி போன்ற இடை என்பது வடிவம் பற்றியது. பவளம் போன்ற வாய் என்பது நிறம் பற்றியது. இந்நான்கும் ஆசிரியர் எல்லாரும் அறிந்தவையே. அறிந்திருந்தும் வகுப்பில் இவற்றைக் கேள்வியாக மாற்றுவதில்லை.

என் வகுப்பில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் தோட்டத்தில் இன்று பெரும்பாலும் செம்பனைதான். ஆயினும் பள்ளிக்குப் பின்புறம் பழைய பால்மரங்கள் சில இன்னும் நிற்கின்றன. ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி தன் கட்டுரையில், "எங்கள் பாட்டி பால்மரம் போல இருப்பார்" என்று எழுதினாள். எனக்குப் பெருமகிழ்ச்சி. வெட்ட வெட்டப் பால் சுரக்கும் மரத்தைப் போல, எத்துணைத் துன்பம் வந்தாலும் குடும்பத்திற்கு வழங்கிக் கொண்டே இருந்த மூதாட்டி என்று நானே விளக்கம் சொல்லிப் பாராட்டினேன். அவள் விழித்தாள். "இல்லை ஐயா, பாட்டி கையெல்லாம் அந்த மரத்தில் வெட்டிய இடம் மாதிரி கோடு கோடாக இருக்கும்" என்றாள்.

யான் எண்ணியது பயன். குழந்தை கண்டது மெய். என் விளக்கம் எங்கோ கேட்டுப் பழகிய விளக்கம். அவளுடையது கண்ணால் கண்ட காட்சி. "எந்த இடத்தில் ஒப்பு?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவளே சொல்லியிருப்பாள். கேளாமல் என் கருத்தை அவள் உவமையின்மேல் ஏற்றினேன். புலவர் பாடல்களுக்கும் நாம் இதையே செய்து வருகிறோமோ என்னும் அச்சம் எனக்கு அன்று உண்டாயிற்று.

தொடக்கப் பள்ளியில் செய்யுளும் மொழியணியும் என்னும் பகுதியில் உவமைத்தொடர்களைக் கற்பிக்கிறோம். நகமும் சதையும் போல, இலைமறை காய் போல, எலியும் பூனையும் போல என்று பட்டியல் இருக்கிறது, பொருளும் இருக்கிறது. பிள்ளைகள் இரண்டையும் மனனம் செய்கின்றனர். பின்னர்க் கட்டுரையில் ஒன்றையாவது செருக வேண்டும் என்று நாம் வற்புறுத்துகிறோம். அதன் பயனாக, "நானும் என் தம்பியும் நகமும் சதையும் போல நாள்தோறும் சண்டையிடுவோம்" என்னும் வாக்கியத்தையும் யான் திருத்தியிருக்கிறேன். நகத்தைச் சதையிலிருந்து பிரித்தால் வலிக்கும் என்பதைத் தன் விரலிலேயே காட்டியிருந்தால் அப்பையன் அதனை அவ்வாறு எழுதியிருக்க மாட்டான்.

முற்றுவினையை நோக்குக

உருவகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி மேற்செல்வேன். மலரடி என்றால் உவமைத் தொகை, அடிமலர் என்றால் உருவகம் என்று சொல்லின் முறைமாற்றத்தை வைத்துக் கற்பிக்கிறோம். இது சரியான அடையாளமே. ஆனால் முறை மாறியதால் பொருளில் என்ன மாறியது என்பதையும் காட்ட வேண்டும். அதற்கு வாக்கியத்தின் முற்றுவினையை நோக்கச் செய்தல் நல்ல வழி. "பாட்டி பால்மரம் போல உழைத்தார்" என்னும்போது பாட்டி பாட்டியாகவே இருக்கிறார். 'உழைத்தார்' என்னும் உயர்திணை முற்று அதற்குச் சான்று. "பாட்டி என்னும் பால்மரம் அறுபது ஆண்டு சுரந்தது" என்றால், பாட்டி மறைந்து மரம் நிற்கிறது. முற்றும் 'சுரந்தது' என அஃறிணையாகிவிட்டது. உவமையில் இரண்டு பொருளும் அருகருகே நிற்கின்றன. உருவகத்தில் ஒன்று மற்றொன்றாகவே ஆகிவிடுகிறது. அவ்வாறு ஆகிவிட்டதை நம் மொழியின் திணையே காட்டிக் கொடுக்கிறது. இந்தச் சோதனையை ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளும் எளிதிற் செய்கின்றனர்.

வையையும் அகழியும் கொடியும்

இனி, அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். சிலப்பதிகாரத்து மதுரைக் காண்டத்தில் புறஞ்சேரி இறுத்த காதையின் இறுதிப் பகுதியை எடுத்து வைத்துக் கொண்டு இருவரும் படித்தோம். தேர்வுத்தாளில் கொடி மட்டும் தனியே வந்திருந்தது. காதையிலோ அது தனியே இல்லை.

கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு வையைக் கரையை அடைகின்றனர். ஆறு மலர்களால் மூடப்பட்டிருக்கிறது. கண்ணகிக்கு வரப்போகும் துன்பத்தை முன்னரே அறிந்தவள் போல, வையை என்னும் நங்கை மலராடையைப் போர்த்துத் தன் கண்ணீரை மறைத்துக் கொண்டாள் என்கிறார் இளங்கோவடிகள். பின்னர் மூவரும் மரப்புணையில் ஆற்றைக் கடந்து தென்கரை ஏறி, மதிலைச் சூழ்ந்த அகழியின் ஓரமாகச் செல்கின்றனர். அகழியிலுள்ள குவளையும் ஆம்பலும் தாமரையும், கணவனும் மனைவியும் அடையப்போகும் துயரத்தை ஐயத்திற்கு இடமின்றி அறிந்தவை போலக் கண்ணீர் ஏந்தி நடுங்குகின்றன. வண்டுகள் இரங்கி ஒலிக்கின்றன. அதன் பின்னரே மதிற்கொடிகள் வருகின்றன. அவை வரவேண்டா என்பன போலக் கைகாட்டுகின்றன.

மூன்று இடத்திலும் 'போல்' உண்டு. மூன்று இடத்திலும் உவமை இல்லை. ஏன்? கொடியை வேறொரு பொருளோடு ஒப்பிட்டு, இரண்டும் இன்ன இடத்தில் ஒத்தன என்று சொல்வது இங்கே புலவரின் நோக்கம் அன்று. கொடி காற்றால் அசைந்தது. அஃது இயல்பு. அந்த இயல்பான நிகழ்ச்சிக்குப் புலவர் தாம் கருதிய வேறொரு காரணத்தை ஏற்றினார். தண்டியலங்காரம் தற்குறிப்பேற்றத்திற்குக் கூறும் இலக்கணத்தின் கருத்தும் இதுவே. தன் குறிப்பை ஏற்றுதல் என்று பெயரே வேலையைச் சொல்லுகிறது. "மழை வரும் போலிருக்கிறது" என்பதிலுள்ள ஊகப் 'போல' இங்கே கவிதையாகி நிற்கிறது. இவ்வாறு விளக்கியபோது மாணவிக்கு ஐயம் நீங்கிற்று, எனக்கும் நீங்கிற்று.

ஆனால் பெயரைக் கண்டுபிடித்ததோடு நின்றிருந்தால் எங்களுக்குக் கிடைத்திருக்கக் கூடியது மிகச் சிறிது. மூன்று இடத்தையும் வரிசையாக நோக்குக. வையை கண்ணீரை மறைக்கிறாள். மலர்கள் கண்ணீரை மறைக்கவில்லை, வெளிப்படையாக நடுங்குகின்றன. கொடிகள் அழுவதோடு நில்லாமல் கைகாட்டித் தடுக்கவே முற்படுகின்றன. மதுரையை நெருங்க நெருங்க எச்சரிக்கை வளர்ந்துகொண்டே வருகிறது. முதலில் கண்ணகிக்கு மட்டும் இரங்கியது ஆறு. பிறகு இருவருக்கும் இரங்கின மலர்கள். இறுதியில் ஊரின் மதிலே வேண்டா என்கிறது. அணி மூன்றிடத்தும் ஒன்றே; தொழில் மூன்றும் வேறு. கொடியை மட்டும் கத்தரித்து எடுத்துக் கேள்வித்தாளில் ஒட்டினால் இந்த வளர்ச்சி எவருக்குத் தெரியும்?

அப்போது அம்மாணவி மற்றொரு கேள்வி கேட்டாள். "அப்படியானால் கோவலனுக்கும் கண்ணகிக்கும் இவையெல்லாம் தெரியவில்லையா ஐயா?" இத்தனை ஆண்டுகளில் யான் எழுப்பாத வினா அது. ஏட்டைத் திரும்பப் பார்த்தோம். விடை அங்கேயே இருக்கிறது. மலர் மூடிய வையையைக் கண்ட அவ்விருவரும், இது நீராறு அன்று, பூவாறு என்று வியந்து தொழுகின்றனர். வையை எதனால் கண்ணீரை மறைத்தாளோ, அந்த மலராடையின் அழகையே அவர்கள் கண்டனர். படிப்பவர் அறிந்ததை நடப்பவர் அறியவில்லை. கதையின் முடிவை அறிந்த நாம், தொழுது நிற்கும் அவ்விருவரையும் பார்த்து அவ்வாற்றைப் போலவே பேச முடியாமல் நிற்கிறோம். இளங்கோவடிகள் இங்கே தற்குறிப்பேற்றத்தை வைத்தது அழகுக்காக அன்று. வரப்போகும் கொடுமையை நமக்கு அறிவித்து, அவர்களுக்கு அறிவியாமல் இருப்பதற்காக.

இன்னும் ஒன்று. கம்பர் மிதிலைக் காட்சிப் படலத்தின் தொடக்கத்திலும் கொடிகளைக் காட்டுகிறார். அங்கே அவை கைகளாகி நீண்டு, திருமகள் இங்கே இருக்கிறாள், விரைந்து வருக என்று இராமனை அழைக்கின்றன. கொடி ஒன்றே, காற்று ஒன்றே, அணியும் ஒன்றே. ஓரிடத்தில் 'வாராதே', மற்றோரிடத்தில் 'வா'. கோவலன் இறப்பை நோக்கி நடக்கிறான். இராமன் திருமணத்தை நோக்கி நடக்கிறான். இரண்டு கொடியையும் அருகருகே வைத்துக் காட்டினால், அணி என்பது கதையிலிருந்து பிறப்பது என்பதை எந்த மாணவரும் உணர்வர். கம்பர் கொடியைக் கை என்றே சொல்லிவிட்டதால், அங்கே தற்குறிப்பேற்றத்தினுள் ஓர் உருவகமும் அடங்கியிருக்கிறது என்பதையும் மேல் வகுப்பினர்க்குச் சுட்டலாம். ஓரிடத்தில் ஓர் அணிதான் இருக்கும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

வாளையும் மாம்பழமும்

வெளிப்படையான உவமை, மறைந்து நிற்கும் உவமை இரண்டையும் ஒரே பாடலில் காட்ட வேண்டுமானால் குறுந்தொகையின் 8ஆம் பாடலைவிடச் சிறந்ததை யான் அறியேன். ஆலங்குடி வங்கனார் பாடியது, மருதத்திணை. தலைவி தன்னைப் புறத்தே பழித்துப் பேசினாள் என்று கேள்வியுற்ற காதற்பரத்தை, தலைவியின் தோழியர் கேட்கும்படி சொல்லுவதாக அமைந்தது.

அவள் சொல்வதன் கருத்து இது. வயலோரத்து மாமரத்தில் முதிர்ந்து விழும் இனிய பழத்தை, நீரிலுள்ள வாளைமீன் கவ்விக் கொள்ளும் ஊரைச் சேர்ந்தவன் அவன். எங்கள் வீட்டில் இருக்கும்போது பெரிய பேச்சுப் பேசினான். தன் வீட்டுக்குப் போய்விட்டாலோ, முன்னே நிற்பவர் கையும் காலும் தூக்கத் தானும் தூக்கும் கண்ணாடிப் பாவையைப் போல, தன் மகனுடைய தாய் விரும்பியதையெல்லாம் செய்கிறான்.

கண்ணாடிப் பாவை வெளிப்படையான உவமை. தொல்காப்பியர் இத்தகையதை ஏனை உவமம் என்பார். ஒப்பு எங்கே என்று கேட்டால் வினையில் என்று எவரும் சொல்லிவிடுவர். கண்ணாடியில் தெரியும் உருவத்திற்குச் சொந்த விருப்பம் என்று ஒன்றில்லை. அஃதே பரத்தை சொல்ல வந்த ஏளனம்.

வாளைமீனுக்கு 'போல' இல்லை. அது மருத நிலத்து வருணனையாகவே வந்து அமர்ந்திருக்கிறது. மேலோட்டமாகப் படிப்பவர், அவன் ஊர் வளமான ஊர் என்று எண்ணி மேலே போய்விடுவர். இரண்டாம் முறை படித்தால் ஒரு கேள்வி எழும்: இத்தனை கோபத்தில் பேசுகிறவள், அவன் ஊர் வளத்தை ஏன் புகழ்கிறாள்? அங்கேதான் உள்ளுறை திறக்கிறது. மீன் மரம் ஏறிப் பழத்தைப் பறிக்கவில்லை. பழம் தானே கனிந்தது, தானே விழுந்தது, மீன் இருந்த இடத்தில் இருந்தே பெற்றது. "நான் அவனை வலைவீசிப் பிடித்ததாகப் பழிக்கிறாளே, நான் எங்கும் போகவில்லை, அவனே வந்து விழுந்தான்" என்பது அவள் மறுமொழி. அதை வெளிப்படையாகச் சொன்னால் தெருச்சண்டை. மீனையும் பழத்தையும் சொன்னால், கேட்க வேண்டியவர்க்குக் கேட்கும். மறுத்துப் பேச ஒருவருக்கும் பிடி கிடைக்காது.

தெய்வம் ஒழிந்த கருப்பொருள்களை இடமாகக் கொண்டு வருவது உள்ளுறை என்பது தொல்காப்பியர் வகுத்த வரையறை. மரமும் மீனும் பறவையும் விலங்கும் ஆகிய, அந்நிலத்தில் உள்ளவற்றைக் கொண்டே அது பேசும். ஆதலின் உள்ளுறையைக் கற்பிப்பவர் திணையையும், சொல்பவர் யார், கேட்பவர் யார் என்பதையும் முதலில் சொல்லியாக வேண்டும். இவற்றைச் சொல்லாமல் "வாளை இவரைக் குறிக்கும், மாம்பழம் அவரைக் குறிக்கும்" என்று சமன்பாடு எழுதிப் போட்டால், விடை இருக்கும், பாட்டு இருக்காது. இக்காலத்தில் உள்ளுறையும் குறியீடும் ஒன்றே என்று விரைந்து சொல்லிவிடுவாரும் உளர். புதுக்கவிதையில் ஒரு குறியீட்டைக் கவிஞர் தாமே புதிதாகப் படைத்துக் கொள்ளலாம். உள்ளுறைக்கோ நிலமும் கூற்றும் மரபும் கரை கட்டியிருக்கின்றன. உறவு உண்டு, ஒன்றென்று சொல்லுதல் பொருந்தாது.

இப்பாடலில் இன்னொன்றும் நோக்கற்பாலது. பரத்தை 'அவன் மனைவி' என்று சொல்லவில்லை. அவன் மகனுக்குத் தாய் என்கிறாள். அவளுக்கு அவனிடம் உள்ள உரிமை, பிள்ளையைப் பெற்றுக் கொடுத்த உரிமை மட்டுமே என்று குத்துகிறாள். பாட்டிலேயே கூர்மையான இடம் இதுதான் என்பது என் கருத்து. இதற்கு எந்த அணியின் பெயரைச் சூட்டுவது? யான் ஒரு பெயரும் சூட்டுவதில்லை. பட்டியலைக் கையில் வைத்துக் கொண்டு பாட்டைத் தேடுகிறவர் இவ்விடத்தைத் தாண்டிச் சென்றுவிடுவார். பெயரில்லாத இடத்திலும் பாட்டு வேலை செய்கிறது என்பதை நினைவூட்ட இஃது ஒன்றே போதும்.

அதிகாரம் தரும் பொருள்

பிறிது மொழிதலையும் உள்ளுறையையும் மாணவர் மயங்குவதுண்டு. திருக்குறளில் வலியறிதல் அதிகாரத்தில், மயில் தோகையே ஆயினும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொல்லுகிறார். வண்டியைப் பற்றிச் சொன்னாரே தவிர, எதைக் கருதிச் சொன்னார் என்பதைக் குறளுக்குள் சொல்லவில்லை. எளிய பகைவராயினும் பலர் ஒன்று திரண்டால் வலியவனும் கெடுவான் என்னும் பொருள் நமக்கு எங்கிருந்து கிடைக்கிறது? வலியறிதல் என்னும் அதிகாரத் தலைப்பிலிருந்து கிடைக்கிறது. இக்குறளைத் தனியே எடுத்துச் சாலையோரத்தில் எழுதி வைத்தால் லாரி ஓட்டுநர்க்கு அறிவிப்பாகிவிடும்!

வேறுபாடு இதுதான். உள்ளுறையில் மீனும் பழமும் தலைவன் ஊரில் மெய்யாகவே இருக்கின்றன. மறைபொருளை உணராதவர்க்கும் அவை நிலக்காட்சியாக நிலைக்கும். பிறிது மொழிதலில் வண்டி அங்கே மெய்யாக இல்லை. கருதிய பொருளை உணராவிட்டால் அந்த அதிகாரத்தில் அதற்கு வேலையே இல்லை. இரண்டிலும் சூழல்தான் திறவுகோல். ஒன்றில் திணையும் கூற்றும்; மற்றொன்றில் அதிகாரம்.

பெயர்கள் வேண்டாமா?

இதுவரை கூறியதைக் கேட்டு, அணிப் பெயர்களே வேண்டா என்று சொல்ல வருகிறேன் என்று அன்பர்கள் கருதற்க. பெயரெல்லாம் வீண், பாட்டைச் சுவைத்தால் போதும் என்பாரும் நம்மிடையே உளர். அக்கட்சியில் யான் சேர மாட்டேன். தண்டியலங்காரம் 35 பொருளணிகளைக் கூறுகிறது. பின்னர்த் தோன்றிய மாறனலங்காரம் 64 என விரித்தது. இவ்விரிவைச் சிலர் நகையாடுவர். ஆனால் ஒவ்வொரு பெயரும், யாரோ ஒருவர் ஒரு பாடலைக் கூர்ந்து படித்து, இது மற்றதைப் போன்றதன்று என்று கண்ட வேறுபாட்டின் பதிவு. உவமை, தற்குறிப்பேற்றம் என்று இரு பெயர் இல்லாதிருந்தால், கொடிக்கும் புலிக்கும் உள்ள வேறுபாட்டை அம்மாணவி கேட்டிருக்கவே மாட்டாள். பெயர்தான் அவளைக் கேட்க வைத்தது.

நம் இடர்ப்பாடு பெயரில் இல்லை. 'அணி' என்பதை நகை என்று மட்டும் எண்ணிக் கொள்வதில் இருக்கிறது. நகையைக் கழற்றி வைத்தாலும் ஆள் அப்படியே இருப்பார். பாட்டில் அவ்வாறு இல்லை. கண்ணாடிப் பாவையைக் கழற்றிவிட்டால் பரத்தையின் ஏளனமே போய்விடும். தொல்காப்பியர் உவமவியலை எங்கே வைத்தார் என்பதை எண்ணிப் பார்க்கலாம். பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியலுக்குப் பின்னும் செய்யுளியலுக்கு முன்னும் அது நிற்கிறது. உணர்ச்சிக்கும் யாப்புக்கும் நடுவே உவமை. உணர்ச்சி செய்யுளாகும் வழியில் உவமை இருக்கிறது என்று அவ்வரிசையை யான் பொருள் கொள்கிறேன்.

ஆகவே வகுப்பறையில் வரிசையை மாற்றிப் பார்த்தால் என்ன? யான் கைக்கொண்டிருக்கும் முறை எளியது. முதற் கேள்வி: இதைச் சொல்பவர் யார், யாருக்கு, எந்த நிலையில்? இரண்டாவது: சொல்லப்பட்ட பொருள்கள் எவை, அவற்றுள் எது அங்கே மெய்யாக இருக்கிறது, எது புலவரால் கொண்டுவரப்பட்டது? மூன்றாவது: இதை எடுத்துவிட்டால் பாட்டில் எது குறையும்? இம்மூன்றுக்கும் மாணவர் தம் சொற்களில் விடை சொன்ன பிறகே, "இவ்வாறு செய்வதற்கு நம் முன்னோர் இட்ட பெயர் இது" என்று பெயரைத் தருகிறேன். தேர்வுக்குப் பெயர் வேண்டும் என்பதை மறுக்கவில்லை. பெயர் இறுதியில் வந்தாலும் தேர்வுத்தாளில் எழுதத்தான் போகிறார்கள், காரணத்தோடு எழுதுவார்கள்.

இம்முறையில் நேரம் மிகுதியாகச் செலவாகிறது என்று உடன் பணியாற்றும் ஆசிரியர் சிலர் குறை கூறினர். உண்மைதான். பத்து எடுத்துக்காட்டு நடத்தும் பாடவேளையில் இரண்டுதான் நடத்த முடிகிறது. ஆனால் அந்த இரண்டும் அவர்களிடம் தங்குகின்றன. பத்தில் எத்தனை தங்கின என்பதற்கு, ஐந்தாம் படிவத்திலிருந்து ஏட்டோடு திரும்பி வந்த அப்பெண்ணே சான்று.

நான்காம் ஆண்டு உவமைப் பாடத்தை யான் இப்போது வேறு விதமாகத் தொடங்குகிறேன். கரும்பலகையில் முதலில் எழுதும் வாக்கியம், "மழை வரும் போலிருக்கிறது" என்பது. இஃது உவமையா என்று கேட்கிறேன். முதல் நாள் பாதிப் பேர் ஆம் என்கின்றனர். பாதிப் பேர் இல்லை என்கின்றனர். அவர்களே தமக்குள் வாதிட்டுக் கொள்கின்றனர். 'போல வந்தால் உவமை' என்னும் வாக்கியத்தை மட்டும் எங்கள் பள்ளியில் இப்போது எவரும் சொல்லுவதில்லை.